தேவனாம்பட்டினத்தில் அதிகாலை மூன்றரை மணிக்குக் கடல் மேலே தெரிந்த வெளிச்சங்கள் என்ன?

கடலூர் தேவனாம்பட்டினத்துத் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. பொங்கலை ஒட்டி மூன்று இரவுகள், அவருடைய அப்பாவும் சித்தப்பாவும் ஃபைபர் படகில் கடலுக்குப் போயிருக்கிறார்கள். அதிகாலை மூன்றரை மணி முதல் நான்கு மணி வரை, கிழக்கே சற்றுத் தெற்குச் சாய்வாக, கடல் விளிம்புக்கு இரண்டு மூன்று விரல் மேலே வெளிச்சங்கள் தெரிந்திருக்கின்றன. ஒன்று மெல்லப் பெரிதாகி, பளிச்சென்று எரிந்து, அரை நிமிடத்துக்குள் மங்கிப் போகும். அப்புறம் அதே இடத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று. சில இடப்பக்கமும் சில வலப்பக்கமும் நகர்ந்தன. சத்தம் இல்லை. ஒரே ஒரு சிவப்பு விளக்கு மட்டும் எங்கும் போகாமல் மினுக்கிக்கொண்டே இருந்தது. சித்தப்பா கடற்படைப் பயிற்சி என்கிறார். தெருவில் பறக்கும் தட்டு என்கிறார்கள். அப்பா மட்டும், "படகு விளக்கு இப்படிப் பண்ணாது, வேறென்னமோ" என்று சொல்லி நிறுத்திக்கொண்டாராம்.

தம்பி, உங்கள் அப்பா சொன்னதுதான் சரி. அவை படகு விளக்குகள் இல்லை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், வந்து வந்து மறைந்தவை ஸ்டார்லிங்க் எனப்படும் செயற்கைத் துணைக்கோள்கள். நகராமல் நின்ற சிவப்பு, கேட்டை நட்சத்திரம். இதை நான் உறுதியாகச் சொல்ல முடிவதற்கு ஒரே காரணம், உங்கள் அப்பா நேரம், திசை, உயரம் மூன்றையும் சரியாகக் கவனித்து வைத்திருந்ததுதான். "வானத்தில் என்னமோ தெரிந்தது" என்று மட்டும் வரும் கேள்விகளுக்கு யாராலும் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது.

முதலில் படகு ஏன் இல்லை என்று பார்ப்போம். கரையில் நிற்கும் ஒருவருக்குக் கடல் விளிம்பு ஏறத்தாழ 4.5 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. பூமி வளைந்திருப்பதால் அதற்கு அப்பால் நீர் தெரியாது. ஆறு மீட்டர் கம்பத்தில் விளக்குக் கட்டிய படகு 13 கி.மீ. வரை தெரியும், அதற்கு மேல் போனால் விளக்கும் மறைந்துவிடும். முக்கியமான விஷயம், தூரத்துப் படகு விளக்கு எப்போதும் விளிம்பில் ஒட்டியேதான் இருக்கும். விளக்குக்கும் விளிம்புக்கும் நடுவே இருட்டு இடைவெளி இருக்காது. குளிர்ந்த காற்று கீழேயும் சூடான காற்று மேலேயும் படிந்திருக்கும் சில இரவுகளில் கானல் விளைவால் விளக்கு சற்றுத் தூக்கித் தெரியும். ஆனால் அந்தத் தூக்கல் ஒரு விரல் அகலத்துக்குக்கூட வராது. கையை முழுதாக நீட்டிப் பிடித்தால் ஒரு விரல் அகலம் ஏறத்தாழ இரண்டு பாகை, மூடிய கைமுட்டி பத்துப் பாகை. உங்கள் அப்பா சொன்ன இரண்டு மூன்று விரல் என்பது நான்கு முதல் ஆறு பாகை. கடல் மட்டத்தில் இருக்கும் எதுவும் அந்த உயரத்தில் தெரியாது.

விமானமா? சென்னைக்கு வரும் சிங்கப்பூர், கோலாலம்பூர் விமானங்கள் வங்கக் கடல் மேலேதான் வருகின்றன. நேராக நம்மை நோக்கி வரும் விமானத்தின் முகப்பு விளக்கு பல நிமிடம் அசையாமல் தொங்குவது போலத் தெரியும், பலரும் அதில் ஏமாந்திருக்கிறார்கள். ஆனால் விமானம் கிட்ட வர வர மேலே ஏறும், பக்கத்தில் சிவப்பும் பச்சையும் தெரியும், வெட்டி வெட்டி மின்னும். அரை நிமிடத்தில் மங்கிப் போய், அதே இடத்தில் இன்னொன்று முளைப்பது விமானத்தின் வேலை இல்லை.

இனி ஸ்டார்லிங்க். ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் இணையச் சேவைக்காக விண்ணில் நிறுத்தியிருக்கும் துணைக்கோள்கள் இவை. 2019 மே மாதம் முதல் கூட்டம், 60 துணைக்கோள்கள், ஒரே ராக்கெட்டில் போனது. இன்றைக்கு எண்ணாயிரத்துக்கும் மேல் சுற்றிக்கொண்டிருக்கின்றன. பலருக்கும் ஸ்டார்லிங்க் என்றால் ரயில் பெட்டி போல வரிசையாகப் போகும் புள்ளிகள்தான் தெரியும். அது ஏவிய முதல் சில நாட்களில் மட்டும் தெரிவது. அப்புறம் அவை பிரிந்து சுமார் 550 கி.மீ. உயரத்துக்குப் போய்ப் பரவிவிடும், சாதாரணமாகக் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. உங்கள் அப்பா பார்த்தது அந்த ரயில் இல்லை. இது வேறு ஒரு காட்சி, இதைப் பற்றி நம் பக்கத்தில் அதிகம் யாரும் பேசுவதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அதிகாலை மூன்றரை மணிக்குக் கடலூரில் சூரியன் விளிம்புக்கு நாற்பது பாகைக்கு மேல் கீழே கிடக்கிறது. நம் தலைக்கு மேலே போகும் துணைக்கோள்கள் எல்லாம் பூமியின் நிழலுக்குள் இருக்கின்றன, அதனால் தெரியாது. ஆனால் கிழக்கே ஏறத்தாழ 2,000 கி.மீ. தள்ளி, அந்தமானையும் தாண்டி, சுமத்ராவின் வடமுனைக்கும் தாய்லாந்துக் கரைக்கும் இடைப்பட்ட கடலுக்கு மேலே, நிலைமை வேறு. அங்கேயும் தரையில் விடியவில்லை. ஆனால் 550 கி.மீ. உயரத்தில் அப்போதுதான் விடிகிறது. உயரத்தில் இருப்பவருக்கு விளிம்பு தாழ்வாகத் தெரியும் அல்லவா? அந்த உயரத்தில் இருக்கும் துணைக்கோளுக்குச் சூரியன் தன் மட்டத்திலிருந்து 23 பாகை கீழே இருக்கும்போதே பூமியின் விளிம்பைத் தாண்டி எட்டிப் பார்த்துவிடுகிறது. அதாவது வெளிச்சம் துணைக்கோளின் அடிப்பக்கத்தில் படுகிறது.

ஸ்டார்லிங்கின் அடிப்பக்கம் தட்டையானது, பூமியைப் பார்த்தபடி இருப்பது. 2023 முதல் ஏவப்பட்டவற்றில் அந்த அடிப்பக்கத்தில் கண்ணாடி போன்ற மெல்லிய படலம் ஒட்டியிருக்கிறார்கள். வானியல் ஆராய்ச்சிக்கு இடைஞ்சலாக ஒளி கீழே சிதறக்கூடாது, வேறு பக்கம் திரும்பிப் போகட்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அப்படித் திரும்பும் ஒளி எங்கேயாவது போய் விழ வேண்டும். சாய்வாகக் கீழிருந்து வந்து பட்ட வெயில், அதே சாய்வில் எதிர்ப்பக்கம் கீழ்நோக்கித் திரும்பி, 2,000 கி.மீ. மேற்கே இருக்கும் நம் கரையில் விழுகிறது. கடலூர் சாலையில் வெகுதூரத்தில் வரும் பேருந்தின் முன்கண்ணாடி, ஒரு குறிப்பிட்ட வளைவில் மட்டும் காலை வெயிலைக் கண்ணில் அடித்துவிட்டுப் போகுமே, அந்த மாதிரி. கோணம் பொருந்தும் அந்தச் சில விநாடிகளில் துணைக்கோள் பளிச்சென்று எரிகிறது. கோணம் தப்பியதும் மங்கிப் போகிறது.

கோணம் பொருந்தும் அந்த இடம் வானத்தில் நகராமல் இருக்கிறது, துணைக்கோள்கள்தான் அதற்குள் ஒவ்வொன்றாக வந்து நுழைந்து போகின்றன. அதனால்தான் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வெளிச்சம் முளைத்தது. இட வலமாக நகர்ந்ததற்கும் காரணம் இருக்கிறது. இந்தத் துணைக்கோள்களில் பெரும்பாலானவை பூமத்திய ரேகைக்கு 53 பாகை சாய்வில் சுற்றுகின்றன. நம் அட்சரேகையில் அவற்றில் பாதி வடகிழக்காக ஏறிப்போகும், பாதி தென்கிழக்காக இறங்கிப்போகும். கிழக்கே பார்த்து நிற்பவருக்கு முதல் வகை இடப்பக்கம் நகரும், இரண்டாவது வகை வலப்பக்கம் நகரும். விநாடிக்கு 7.6 கி.மீ. வேகத்தில் போனாலும் 2,000 கி.மீ. தூரத்தில் இருந்து பார்க்கும்போது அரை நிமிடத்தில் மூன்று விரல் அகலம்தான் கடக்கும். ஒன்று இடப்பக்கம் மங்க, இன்னொன்று வலப்பக்கம் கிளம்ப, பார்ப்பவருக்கு அவை ஒன்றையொன்று துரத்திச் சுற்றுவது போலத் தோன்றிவிடும்.

இதே காட்சியைப் பெருங்கடல்களைத் தாண்டும் விமானிகள் 2022 முதல் நிறையச் சொல்லிவருகிறார்கள். விளக்குகள் ஓட்டப் பந்தயப் பாதையில் சுற்றுவது போல இருக்கிறது என்பது அவர்களுடைய வர்ணனை. அனுபவமுள்ள விமானிகளே குழம்பியிருக்கும்போது, இருட்டில் சின்னப் படகில் இருந்தவர்கள் திகைத்ததில் வியப்பில்லை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையில் இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்க என்றே ஒரு அலுவலகம் இருக்கிறது. 2024 நவம்பரில் வந்த அதன் ஆண்டறிக்கை, ஸ்டார்லிங்க் என்று முடிவாகும் புகார்கள் கூடிக்கொண்டே வருவதாகச் சொல்கிறது.

சரி, அந்தச் சிவப்பு விளக்கு? பொங்கல் சமயத்தில் கேட்டை நட்சத்திரம் நம் கரையில் அதிகாலை மூன்றரை மணிவாக்கில் உதிக்கிறது. தென்கிழக்கை ஒட்டி, அதாவது உங்கள் வெளிச்சங்கள் தெரிந்த இடத்துக்கு ஒரு கைமுட்டி தள்ளி வலப்பக்கம். அது இயல்பிலேயே சிவந்த பெரிய நட்சத்திரம். விளிம்பில் இருக்கும்போது அதன் ஒளி தடிமனான காற்று வழியாக வருவதால் இன்னும் சிவந்து, துடித்துத் துடித்து மினுக்கும். இருட்டில் ஒற்றைப் புள்ளியை உற்றுப் பார்த்தால் அது அசைவது போல நம் கண்ணே காட்டும். 1799இல் டெனரீஃப் தீவு மலையில் ஹம்போல்ட் இதைக் கவனித்து, நட்சத்திரங்களே ஆடுகின்றன என்று நினைத்து எழுதினார். ஆடுவது நட்சத்திரம் இல்லை, பக்கத்தில் ஒப்பிட ஒன்றும் இல்லாத கண் செய்யும் வேலை என்பது பிறகுதான் தெரிந்தது. உங்கள் அப்பாவிடம் இதைக் கேளுங்கள்: அந்தச் சிவப்பு, நான்கு மணி வாக்கில் முன்பைவிட மேலே ஏறியிருந்ததா? ஏறியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

என் பதிலை நீங்கள் அப்படியே நம்ப வேண்டியதில்லை. சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது, நான் ஆசைப்படுவதும் அதுதான். இந்த வெளிச்சம் கடலுக்குள் இருக்கும் ஏதோ ஒன்றிலிருந்து வந்தால் அது எப்போதும் அதே திசையில் வர வேண்டும், அல்லது ஒழுங்கில்லாமல் வர வேண்டும். ஸ்டார்லிங்க் என்றால், அது விளிம்புக்குக் கீழே ஒளிந்திருக்கும் சூரியனுக்கு நேர் மேலேதான் வர முடியும். சூரியன் உத்தராயணத்தில் வடக்கே நகர நகர, வெளிச்சமும் வடக்கே நகர வேண்டும். பொங்கலுக்குக் கிழக்கிலிருந்து ஒன்றரைக் கைமுட்டி தெற்கே இருந்தது. மார்ச் கடைசியில் நேர் கிழக்குக்கு ஒன்றரைக் கைமுட்டி வடக்கே வந்திருக்கும். சித்திரைப் பிறப்பு சமயத்தில், பொங்கலுக்குப் பார்த்த இடத்துக்கு நான்கு கைமுட்டி வடக்கே, மூன்று மணியைச் சற்றுத் தாண்டித் தெரியும். ஆனியில் சரியாக வடகிழக்கே, இரண்டரை மணிக்கே வந்துவிடும். எந்த மாதமானாலும் சூரிய உதயத்துக்கு இரண்டே முக்கால் முதல் மூன்றே கால் மணி நேரம் முன்பு.

இதில் இன்னொரு வசதி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. கடலில் படகு விளக்குகள் வெகுவாகக் குறைந்திருக்கும் அந்த இரண்டு மாதங்களிலும் வெளிச்சம் குறையாமல் வந்தால் படகு என்ற பேச்சு தானாக முடிந்துவிடும். இரவுக்கு இரவு அது வடக்கே நகர்ந்துகொண்டிருந்தால் கடற்படைப் பயிற்சி என்பதும் முடிந்துவிடும். நகரவில்லை என்றால் நான் சொன்னது தவறு, நாம் முதலிலிருந்து யோசிக்க வேண்டும்.

எல்லா இரவும் ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்கள். விளிம்பை ஒட்டி ஐந்து பாகைக்குள் வானம் சுத்தமாக இருப்பது நம் கரையில் அபூர்வம். கடல்மேல் எப்போதும் ஈரப்பதமும் மேகத் துண்டும் படிந்திருக்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு தை மாசியில்தான் அந்தக் கீழ்விளிம்பு துலக்கமாகத் திறக்கும். மாலையிலும் இதே காட்சி மேற்கே உண்டு, இரவு எட்டரை ஒன்பது மணிவாக்கில். ஆனால் கடலூரில் மேற்கே ஊர் விளக்கும் மரமும் நெய்வேலி அனல்மின் நிலையங்களின் வெளிச்சமும் விளிம்பை மறைத்துவிடுவதால் யாரும் கவனிப்பதில்லை. கிழக்கே திறந்த கடல், அந்த நேரத்தில் விழித்திருக்கும் மனிதர்கள், இரண்டும் சேர்ந்த இடம் மீனவர் குப்பங்கள்தான். அதனால் நம் ஊரில் இதை முதலில் பார்க்கிறவர்கள் கடலோடிகளாகவே இருப்பார்கள்.

சித்தப்பா சொன்ன ராணுவ விஷயத்தை நான் அலட்சியமாகத் தள்ளவில்லை. அப்படியும் நடக்கும், ஆனால் அது பார்க்க வேறு மாதிரி இருக்கும். 2022 டிசம்பர் 15 மாலை ஒடிசாக் கரையிலிருந்து அக்னி 5 ஏவுகணையைச் சோதித்தபோது மேற்கு வங்கத்தில் பல மாவட்டங்களில் மக்கள் தெருவுக்கு வந்து பார்த்தார்கள். டார்ச் அடித்தது போலக் கூம்பு வடிவில் ஒளி விரிந்து மெல்லக் கலைந்தது. தரையில் இருட்டிய பிறகும் உயரத்தில் வெயில் இருப்பதால், ஏவுகணையின் புகை வெயிலில் குளித்து ஒளிர்கிறது. ஸ்ரீஹரிகோட்டா நமக்கு வடக்கே நேர்க்கோட்டில் 220 கி.மீ. சொச்சம்தான், அதனால் கடலூர், புதுச்சேரிக் கரையில் ராக்கெட் பார்ப்பது ஒன்றும் அதிசயம் இல்லை. 2024 டிசம்பர் 30 இரவு பத்து மணிக்கு ஸ்பேடெக்ஸ் துணைக்கோள்களுடன் பிஎஸ்எல்வி சி60 கிளம்பியது போன்ற இரவு ஏவுதல்களில், வடக்கே கீழிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஏறி, கிழக்கு வழியாகத் தென்கிழக்கே போய் நான்கைந்து நிமிடத்தில் மறையும். துருவப் பாதைக்குப் போகும் பிஎஸ்எல்வி கூட, இலங்கை மேல் பறக்கக்கூடாது என்று முதலில் தென்கிழக்கே போய் அப்புறம்தான் தெற்கே திரும்பும். இவை எல்லாம் ஒரு முறை நடந்து முடிவது, முன்கூட்டியே அறிவிப்பும் வரும். மூன்று இரவு தொடர்ந்து அதே நேரத்தில் வராது.

ஒன்றை மட்டும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும், உங்கள் வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். கடலில் ஆபத்தில் இருப்பவர்கள் வானத்தில் விடும் பாராசூட் சிக்னல் இருக்கிறது. அது கடும் சிவப்பு நிறம். குறைந்தது 300 மீட்டர் உயரம் போய், குடை விரித்து, மெல்லக் கீழே இறங்கியபடி நாற்பது விநாடி எரியும். கையில் பிடிக்கும் சிவப்பு ஜோதி ஒரு நிமிடம் எரியும். உங்கள் அப்பா பார்த்தவை மேலிருந்து கீழே இறங்கவில்லை, வெள்ளையாக இருந்தன, பக்கவாட்டில் நகர்ந்தன. அதனால் அது இல்லை. ஆனால் என்றைக்காவது சிவப்பு ஒளி ஒன்று மேலேறி மெல்ல இறங்கினால், ஸ்டார்லிங்காக இருக்கும் என்று நினைத்து வலையைப் பார்க்கப் போய்விடக்கூடாது. உடனே கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்குச் சொல்ல வேண்டும், திசையையும் நேரத்தையும் சேர்த்து. சந்தேகமாக இருந்தாலும் சொல்லலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

நீங்கள் அனுப்பிய ஃபோன் வீடியோவில் பெரிய வட்டத் தட்டு போல, நடுவே வலைப்பின்னலோடு தெரிவதைப் பார்த்துத்தான் தெருவில் பறக்கும் தட்டு என்று பேச்சு கிளம்பியிருக்கிறது. இருட்டில் ஒற்றை ஒளிப்புள்ளியை ஜூம் செய்தால் கேமராவுக்கு எதைக் குவியப்படுத்துவது என்று தெரியாது. குவியம் தவறும்போது புள்ளி வட்டமாக விரியும். விரிந்த வட்டத்தின் வடிவம் லென்ஸின் வடிவம், பொருளின் வடிவம் இல்லை. வெள்ளிக் கோளை அப்படிப் படம் எடுத்துப் பாருங்கள், அதே தட்டு வரும்.

திருப்பாதிரிப்புலியூரில் உங்கள் அத்தை புத்தாண்டு இரவு மொட்டை மாடியில் பார்த்த ஆரஞ்சு விளக்குகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். "ரெண்டு மூணு வந்துச்சு, கொஞ்ச நேரத்துல காணோம்" என்பது மட்டும் இருக்கிறது. புத்தாண்டு இரவு, ஆரஞ்சு நிறம் என்றால் காகித வான் விளக்கு என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அது காற்றுப் போகும் பக்கம் மிதந்து, எரிபொருள் தீர்ந்ததும் சில நிமிடத்தில் அணைந்துவிடும். ஆனால் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போனது, அன்றைக்குக் காற்று எப்படி, எத்தனை மணி என்று ஒன்றும் இல்லாமல் அதை முடிவென்று சொன்னால், அது பறக்கும் தட்டு என்று சொல்வதைவிட எந்த விதத்திலும் மேலானது இல்லை. அத்தை பார்த்ததை அப்படியே திறந்து வைப்போம். விளக்கம் கிடைக்காத காட்சி என்பதாலேயே அது விபரீதமாகிவிடாது. விளக்குவதற்கு வேண்டிய விவரம் போதவில்லை, அவ்வளவுதான்.

பயிற்சி பெற்றவர்களுக்கும் இந்தக் குழப்பம் வந்திருக்கிறது. 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை லடாக்கில், சீன எல்லைக்குப் பக்கத்தில், நம் ராணுவத்தினர் இரவு வானத்தில் நகரும் ஒளிகளைக் கண்டு, சீனாவின் வேவு விமானம் என்று குறிப்பெழுதி வந்தார்கள். விஷயம் பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்துக்குப் போனது, திருப்பத்தூர் மாவட்டம் காவலூரில் பெரிய தொலைநோக்கி வைத்திருக்கும் அதே நிறுவனம். அவர்கள் சிப்பாய்களைத் திட்டவில்லை. ஒளி எத்தனை மணிக்கு எந்தத் திசையில் எவ்வளவு உயரத்தில் தெரிகிறது என்று அளக்கச் சொன்னார்கள். அளவு வந்ததும் விடை வந்தது: ஒன்று வியாழன், இன்னொன்று வெள்ளி. எனக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். சிப்பாய்கள் பொய் சொல்லவில்லை, கற்பனையும் செய்யவில்லை, பார்த்ததைத்தான் எழுதினார்கள். குறைந்திருந்தது அளவு மட்டும்தான்.

நம் கரைக்கும் இதில் பழைய பெருமை ஒன்று இருக்கிறது. 1689 டிசம்பரில் புதுச்சேரியில் தங்கியிருந்த ரிஷோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார், வானத்தில் திடீரென்று தோன்றிய வால்நட்சத்திரம் ஒன்றைத் தொலைநோக்கியில் பார்த்துத் தினமும் குறித்துக்கொண்டிருந்தார். அப்படிப் பார்க்கும்போது பக்கத்தில் இருந்த ஆல்ஃபா சென்டாரி என்ற பிரகாசமான நட்சத்திரம் ஒன்றல்ல, இரண்டு என்று கண்டுபிடித்தார். சூரியனை விட்டால் நமக்கு மிக அருகிலிருக்கும் நட்சத்திரத் தொகுதி அதுதான். எதிர்பாராத ஒளியைப் பயந்து விடாமல், இடத்தையும் நேரத்தையும் எழுதிவைத்ததால் கிடைத்தது. உங்கள் அப்பா நின்ற அதே மூன்றரை, நான்கு மணிக்கு, தெற்குத் தென்கிழக்கே ஒரு கைமுட்டிக்கும் குறைந்த உயரத்தில் அந்த நட்சத்திரம் இருந்திருக்கும். அடுத்த முறை அதையும் காட்டுங்கள், வெறும் கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும்.

இனி செய்ய வேண்டியது. அமாவாசையை ஒட்டிய நான்கைந்து நாட்கள் நல்லது, நிலா வெளிச்சம் தொந்தரவு செய்யாது. கரையிலிருந்தே பார்க்கலாம், படகு ஆட்டம் இல்லாமல் இருந்தால் அளப்பது சுலபம். வெள்ளி கடற்கரையில் கடைகளின் விளக்கிலிருந்து கொஞ்சம் தள்ளி நின்று, கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது கொடுங்கள். அந்த நேரத்தில் ஃபோன் திரையைப் பார்த்தால் பழகியது வீணாகும். வெளிச்சம் பளிச்சென்று எரியும் நொடியில் ஃபோனில் நேரத்தை விநாடியோடு குறியுங்கள், ஃபோன் கடிகாரம் நெட்வொர்க்கோடு ஒத்துப்போவதால் அதை நம்பலாம். கடல் விளிம்பிலிருந்து எத்தனை விரல், திசைகாட்டி செயலியில் எத்தனை பாகை, எந்தப் பக்கம் நகர்ந்தது, பக்கத்தில் எந்த நட்சத்திரம், இவை போதும். படம் வேண்டுமென்றால் ஃபோனை ஒரு மணல் மூட்டையிலோ படகின் மேலோ அசையாமல் சாய்த்து வைத்து, ஜூம் போடாமல், நைட் மோடில் பத்து விநாடி எடுங்கள். துணைக்கோள் என்றால் சிறு கோடாக விழும், நட்சத்திரங்கள் புள்ளியாகவே இருக்கும். கடல் விளிம்பும் படத்துக்குள் வரட்டும், அதை வைத்துத்தான் உயரத்தைக் கணக்கிட முடியும்.

நட்சத்திரங்களை அடையாளம் காண ஸ்டெல்லேரியம் செயலி இலவசம், கடலூர் என்று இடத்தைக் கொடுத்தால் அந்த நொடி வானத்தை அப்படியே காட்டும். துணைக்கோள்களின் நேரத்துக்கு ஹெவன்ஸ் அபவ் என்ற செயலி இருக்கிறது. இந்த அடிவிளிம்புப் பளிச்சிடலை எல்லாச் செயலியும் முன்கூட்டிச் சொல்வதில்லை, சாதாரண வெளிச்சத்தைத்தான் கணக்கிடும். அதனால் செயலியில் வரவில்லை என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். துணைக்கோள்கள் அந்த நொடியில் எங்கே இருந்தன என்ற சுற்றுப்பாதைத் தரவு பொதுவில் கிடைக்கிறது. உங்கள் குறிப்பில் விநாடியும் பாகையும் இருந்தால், எந்தத் துணைக்கோள் என்று அதன் எண்ணோடு சேர்த்தே பொருத்திச் சொல்லிவிடலாம். மூன்று இரவுக் குறிப்பு அனுப்புங்கள், நானே உட்கார்ந்து பொருத்திப் பார்த்து எழுதுகிறேன்.